வலியறிந்த ஊக்கம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



ஓர் இலக்கிய வட்டம் பத்து ஆண்டுகள் உயிரோடு இருப்பது எளிய செய்தி அன்று. தொடக்க விழாவுக்கு ஊரே திரண்டு வரும். ஆறாம் மாதக் கூட்டத்துக்கு எட்டுப் பேர் வருவர். அவர்களுள் இருவர் பேச்சாளர்கள், ஒருவர் ஒலிபெருக்கிக்காரர். அந்த ஆறாம் மாதத்தைத் தாண்டிய வட்டங்களே நிலைக்கின்றன. நீங்கள் பத்து ஆண்டுகள் தாண்டியிருக்கிறீர்கள். விளக்கை அணையவிடாமல் காத்த கைகள் அனைத்துக்கும் முதலில் என் வாழ்த்து.

எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள், தன்னை அறிதலும் தன்னம்பிக்கையும் பற்றியது. வாழ்க்கைப் பாதையைத் தேடும் இளைஞர்களுக்குப் பயன்படுமாறு பேசவேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். தன்னம்பிக்கை நூல்களுக்கு நம் நாட்டில் பஞ்சம் இல்லை. பேருந்து நிலையக் கடைகளில் கூட அவை தொங்குகின்றன. காலையில் கண்ணாடி முன் நின்று ‘என்னால் முடியும்’ என்று பத்துமுறை சொல்லச் சொல்கின்றன. அவற்றை நான் இகழமாட்டேன். நீரில் தத்தளிப்பவனுக்குச் சிறு கிளையும் துணைதான். ஆனால் கவிஞர்கள் கூடியிருக்கும் இந்த அவையில் அது போதாது. ‘என்னால் முடியும்’ என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டே ஒருவர் நாள்தோறும் மோசமான கவிதை எழுதிவிட முடியும் அல்லவா?

வள்ளுவப் பெருந்தகை இதை எவ்வாறு அடுக்கி வைத்திருக்கிறார் என்று பாருங்கள். ‘வலியறிதல்’ 48ஆம் அதிகாரம். ‘ஊக்கமுடைமை’ 60ஆம் அதிகாரம். செய்யப்போகும் வினையின் வலிமை, தன் வலிமை, மாற்றான் வலிமை, துணைவரின் வலிமை ஆகிய நான்கையும் தூக்கிப் பார்க்கச் சொல்லிவிட்டு, பன்னிரண்டு அதிகாரங்கள் கடந்த பிறகே ஊக்கத்தைப் பேசுகிறார். அதிகார வைப்பு முறை பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். எனினும் எடைபோடுதல் முன்னும் எழுச்சி பின்னுமாக அமைந்த அந்த வரிசையை நான் பொருளுடையதாகவே கொள்கிறேன். வலியறியாத ஊக்கம் வெறும் வேகம். ஊக்கமில்லாத வலியறிவு வெறும் கணக்கு.

இந்த உண்மைக்குச் சான்று தேடி நாம் கிரேக்க நாட்டுக்குப் போகவேண்டியதில்லை. இந்த ஊரிலிருந்து காலையில் பேருந்து ஏறினால் பொழுது சாய்வதற்குள் பார்த்துத் திரும்பக்கூடிய மூன்று இடங்கள் போதும். ஒன்று கடையம். ஒன்று குற்றாலம். மற்றொன்று கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவல். மூன்று ஊர்களில் வாழ்ந்த மூன்று பேரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் கடையம். 1918ஆம் ஆண்டு நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியேறிய பாரதியார் கடலூருக்கு அருகே கைதானார். டிசம்பரில் விடுதலை பெற்று, மனைவி செல்லம்மாளின் ஊராகிய கடையத்துக்கு வந்து சேர்ந்தார். 1920ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை சென்று சுதேசமித்திரனில் மீண்டும் சேரும்வரை பெரும்பாலும் கடையமே அவருடைய இருப்பிடம். கையில் வேலை இல்லை. நிலையான வருவாய் இல்லை. சுற்றத்தாருக்கும் ஊராருக்கும் அவர் ஒரு புதிராகவே இருந்தார். அந்த நிலையில் அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? தம்முடைய படைப்புகளை நாற்பது நூல்களாக, நூலுக்குப் பதினாயிரம் படிகள் வீதம் அச்சிடுவதற்குத் திட்டம் தீட்டினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் வீடுதோறும் விலைபோவதைவிட எளிதாகத் தம் நூல்கள் விலைபோகும் என்று நம்பி, நண்பர்களிடம் கடன் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். வட்டியோடு திருப்பித் தருவதாகவும் எழுதினார்.

நாற்பதைப் பதினாயிரத்தால் பெருக்கிப் பாருங்கள். நான்கு இலட்சம் படிகள்! இன்று நம்மில் ஒருவர் கவிதைத் தொகுதி வெளியிட்டால் முந்நூறு படி போடவே கை நடுங்குகிறது. திட்டம் நிறைவேறவில்லை, பணம் வந்து சேரவில்லை. 1921ஆம் ஆண்டு செப்டம்பரில், நாற்பது வயது நிறையாமலே அவர் மறைந்தார். 1949ஆம் ஆண்டில் சென்னை அரசு அவருடைய எழுத்துகளின் உரிமையைப் பெற்று, பின்னர் அவற்றை நாட்டுக்குப் பொதுவாக்கியது. அதன்பின் எத்தனை இலட்சம் படிகள் அச்சாயின என்பதை நாம் அறிவோம். அந்தப் பெருக்கத்தை அவர் கண்ணால் காணவில்லை.

இந்த வரலாற்றை இளங்கவிஞர்கள் பலர் தமக்கு ஆறுதலாக எடுத்துக்கொள்கிறார்கள். ‘பாரதியையே உலகம் அன்று மதிக்கவில்லை, என்னையும் மதிக்கவில்லை, ஆகவே நானும்...’ என்று அந்த வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். நண்பர்களே, அந்தத் தருக்கம் பிழையானது. புறக்கணிக்கப்பட்ட ஒரு பெருங்கவிஞனைச் சுற்றி, நியாயமாகவே மறக்கப்பட்ட ஆயிரம் பேர் உண்டு. புறக்கணிப்பு தகுதிச் சான்று ஆகாது.

பாரதியின் நம்பிக்கைக்குப் பின்னால் வேறொன்று இருந்தது. எட்டயபுரத்தில் ‘பாரதி’ என்ற பட்டம் கிடைத்தபோது அவருக்கு வயது 11. அந்த வயதில் அவையின் பாராட்டைக் கேட்டவர், வாழ்நாள் முழுவதும் அதே மயக்கத்தில் கிடந்திருக்கலாம். அவர் கிடக்கவில்லை. ‘சின்னச் சங்கரன் கதை’ என்ற முற்றுப்பெறாத உரைநடைக் கதையைப் படித்தவர்களுக்குத் தெரியும். ஒரு ஜமீன் அவையையும், அதன் பொழுதுபோக்குகளையும், அங்கே சிங்காரப் பாட்டுக் கட்டிப் பெயர் வாங்கும் ஒரு சிறுவனையும் வயிறு குலுங்கச் சிரிக்கும்படி அதில் வரைந்திருக்கிறார். அந்தச் சிறுவனிடத்தில் தம்மையே அவர் வைத்துச் சிரித்தார் என்பது பலரும் ஒப்பும் கருத்து. தமக்குக் கிடைத்த முதல் கைதட்டலையே கேலி செய்யும் துணிவு உடையவரால்தான் நான்கு இலட்சம் படிகளைப் பற்றிக் கனவு காண முடிந்தது. அந்தச் சிரிப்பில் தன்னறிவு இருந்தது. அந்தக் கணக்கில் தன்னம்பிக்கை இருந்தது.

அடுத்து, குற்றாலம். இரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் தமிழ்ப் பண்டிதர் அல்லர். பி.ஏ., பி.எல். படித்தவர். சட்டம் படித்தும் வழக்கறிஞர் தொழிலில் அவருடைய மனம் ஊன்றவில்லை. கறுப்பு அங்கி போட்டவருக்குக் கட்சிக்காரர் வரவேண்டும். இவரைத் தேடிக் கம்பரும் முத்தொள்ளாயிரப் புலவரும் வந்தார்கள். அதற்காக அவர் உலகியல் கடமைகளை உதறிவிட்டு ஓடவில்லை. சென்னை மாகாணச் சட்டசபையில் உறுப்பினராக இருந்தார். 1930 முதல் 1935 வரை இந்து அறநிலைய வாரியத்தில் ஆணையராகப் பணிபுரிந்தார். வாழ்வின் கடைசிப் பகுதியைக் குற்றாலத்தில் கழித்து, 1954ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் மறைந்தார்.

அவருடைய வழிமுறை எளிமையானது. ஒரு செய்யுளை எடுத்துக்கொள்வார். அவசரமின்றி, நிறுத்தி நிறுத்தி, திரும்பத் திரும்ப வாய்விட்டுப் படிப்பார். ஓசையும் உணர்ச்சியும் ஒன்றாக அசைகின்றனவா என்று தம் உள்ளத்தைக் கேட்பார். அசைந்தால் பிறருக்குச் சொல்வார். அசையாவிட்டால், எவ்வளவு பெரிய பெயர் அதன்மேல் ஒட்டியிருந்தாலும் வாளாவிருப்பார். இந்தச் சோதனையைத் தனி அறையில் மட்டும் நடத்தவில்லை. திருநெல்வேலியில் அவருடைய வீட்டுத் தொட்டிக்கட்டில் நண்பர்கள் கூடினார்கள். அந்தக் கூட்டமே ‘வட்டத்தொட்டி’ எனப் பெயர் பெற்றது. நீதிபதி எஸ். மகராஜன், தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான், பேராசிரியர் அ. சீனிவாசராகவன் போன்றோர் அந்தச் சூழலில் இடம்பெற்றவர்கள். இலக்கிய வட்டம் என்று இன்று நாம் சொல்லும் அமைப்புக்கு நம் வட்டாரத்தில் அதுவே பாட்டன் வீடு.

இலக்கணப் பயிற்சி பெற்ற பண்டிதர்கள் நிறைந்த காலத்தில், ஒரு சட்டப் பட்டதாரி தம் செவியையும் இதயத்தையும் நம்பித் தமிழ்க் கவிதையைப் பேசத் துணிந்தாரே, அதுதான் தன்னம்பிக்கை. அந்தத் துணிவால் விளைந்த நன்மைகள் பல. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் கவிதைகளைத் தமிழகம் எங்கும் கொண்டுசென்று பரப்பியவர் அவர். தமிழிசைக்கும் தமிழ்வழிக் கல்விக்கும் குரல் கொடுத்தவர் அவர்.

ஆனால் முழு உண்மையைச் சொல்லவேண்டும். அவரைப் போற்றுகிறவர்களுள் நானும் ஒருவன் என்பதால், அந்தக் கடமை எனக்குக் கூடுதலாகவே உண்டு. கம்பராமாயணம் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்டது. அவற்றுள் தம் உள்ளத்தைத் தொடாத பாடல்கள் பலவற்றைக் கம்பர் பாடியவை அல்ல என்று இரசிகமணி கருதினார். சில இடங்களில் சொற்களையும் தம் செவி சொன்னபடி மாற்றினார். ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் துணியும் அறிஞர்கள் இதை ஏற்கவில்லை, ஏற்கவும் இயலாது. எங்கே அவர் எல்லை கடந்தார் என்பதைச் சற்று நின்று பார்க்கவேண்டும். ‘இந்தப் பாடல் என்னைத் தொடவில்லை’ என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. அதற்கு அவருடைய இதயமே சாட்சி; வேறு சாட்சி தேவையில்லை. ‘இந்தப் பாடலைக் கம்பர் எழுதவில்லை’ என்பது வேறு வழக்கு. அதற்கு ஏடுகள் சாட்சி சொல்லவேண்டும். இதயம் எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும், தான் காணாத ஒன்றுக்குச் சாட்சி சொல்ல அதற்குத் தகுதி இல்லை.

சட்டம் படித்த அந்தப் பெரியவரின் வாழ்விலிருந்தே எனக்கு இந்த வேறுபாடு கிடைத்தது. அதுவே இன்றைய என் உரையின் சாரம். நாம் நடக்கவேண்டிய பாதை எது என்பதற்கு நம் உள்ளமே சாட்சி. அந்தப் பாதையில் நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதற்கு நம் உள்ளம் சாட்சி ஆகாது. ‘எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை’ என்று ஒருவர் சொன்னால் அதை யாரும் மறுக்க இயலாது. ‘ஆகவே நான் எழுதியது சிறந்த கவிதை’ என்று அவர் தொடர்ந்தால், நாம் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருக்க இயலாது. முதல் கூற்றில் உறுதியும் இரண்டாவதில் அடக்கமும் ஒருசேர இருக்கவேண்டும். இந்த இரண்டையும் இடம் மாற்றி வைத்துக்கொள்வதால்தான் பலர் துன்பப்படுகிறார்கள். பாதையைப் பற்றி ஐயம். எழுதியதைப் பற்றிக் கர்வம்! ஒரு பத்திரிகை திருப்பி அனுப்பினால் எழுதுவதையே விட்டுவிடலாமா என்று கலங்குகிறார்கள். ஒருவர் குறை சொன்னால் அவருக்கு ரசனை இல்லை என்று தீர்ப்பளிக்கிறார்கள்.

மூன்றாவது ஊராகிய இடைசெவலுக்கு வருவோம். கி. ராஜநாராயணன் பள்ளிப் படிப்பைக்கூட நிறைவு செய்யாதவர். மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதாக அவரே வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார். இளமையில் காசநோய் அவரை வாட்டியது. இசையில் பெருவிருப்பம் கொண்டு அந்தப் பாதையில்தான் முதலில் கால் வைத்தார். உழவராக வாழ்ந்தார்; விவசாயிகள் போராட்டத்தில் ஈடுபட்டார். டி.கே.சி.யிடம் பற்றுக்கொண்டு குற்றாலத்துக்கு வந்துபோனார். சிறுகதை எழுதத் தொடங்கியபோது அவருக்கு ஏறத்தாழ 35 வயது. இருபத்திரண்டு வயதில் இன்னும் நூல் வரவில்லையே என்று வருந்தும் தம்பிகள் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

அவருக்கு வாய்த்த பெரும்பேறு அதே ஊரில் பிறந்த, அதே வயதுடைய கு. அழகிரிசாமியின் நட்பு. அழகிரிசாமி பத்திரப் பதிவு அலுவலக வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் பத்திரிகைப் பணிக்குப் போனவர். இருவருக்கும் இடையே கடிதங்கள் ஓடின. தன்னைப் பொய் சொல்லாமல் பார்த்துக்கொள்ள ஒரு நண்பனின் கண் எவ்வளவு உதவும் என்பதற்கு அந்த நட்பு சான்று. ஒருவர் வேலையை விட்டார்; மற்றவர் நிலத்தை விடவில்லை. இருவரும் சிறந்த எழுத்தாளர்கள் ஆனார்கள். ‘கவிதைக்காக வேலையை விட்டுவிடலாமா’ என்று என்னைக் கேட்கும் இளைஞர்களுக்கு என் விடை இதுதான்: பாதை வேறு, பிழைப்பு வேறு. இரண்டும் ஒன்றானால் நல்லது. ஒன்றாகாவிட்டாலும் பாதை மூடிவிடாது. வீட்டில் உலை கொதிக்கவேண்டிய பொறுப்பு உள்ளவர் வேலையை விடாமல் எழுதுவது கோழைத்தனம் அன்று.

கி.ரா.வின் தன்னம்பிக்கை எதன்மேல் நின்றது? அவர் காதில் விழுந்த மொழியின்மேல் நின்றது. கரிசல்காட்டுச் சம்சாரியின் பேச்சு அச்சேறத் தகாதது என்று கற்றவர் பலர் எண்ணிய நாளில், அதையே கதைமொழி ஆக்கினார். வெறும் பிடிவாதத்தால் இதைச் செய்யவில்லை. சொல் சொல்லாகச் சேகரித்தார். அந்த உழைப்பின் பயனாகக் ‘கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி’ 1982ஆம் ஆண்டு வெளிவந்தது. பள்ளியை முடிக்காதவர் அகராதி செய்தார்! பின்னர் புதுவைப் பல்கலைக்கழகம் அவரை வருகைதரு பேராசிரியராக அழைத்துக்கொண்டது. 1991ஆம் ஆண்டு ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். 2021ஆம் ஆண்டு மே மாதம் அவர் மறைந்தபோது அரசு மரியாதையுடன் வழியனுப்பினோம். தம்மிடம் இல்லாத படிப்புக்காக அவர் நாணி ஒடுங்கியிருந்தால் இவற்றுள் ஒன்றும் நிகழ்ந்திராது. தம்மிடம் எது இல்லை என்பதை அறிந்தார். எது இருக்கிறது என்பதையும் அறிந்தார். இரண்டாவதை அறிவதே கடினம். ஏனெனில் நம்மிடம் இருப்பது நமக்கு மிக அருகில் இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இனி நம் வட்டத்துக்கு வருகிறேன். பாதைக்கு உள்ளமே சாட்சி என்றால், தூரத்தை அளந்து சொல்லவேண்டிய சாட்சி யார்? வாசகர், காலம், அவற்றுக்கு முன்னால், நம்மைப் போன்ற வட்டங்கள். அந்தக் கடமையை நாம் செய்கிறோமா என்று இந்தப் பத்தாம் ஆண்டில் கேட்டுக்கொள்வது நல்லது. கவியரங்கம் முடிந்ததும் அருமை என்கிறோம், அற்புதம் என்கிறோம், பொன்னாடை போர்த்துகிறோம். அதில் அன்பு இருக்கிறது; மறுக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால் அந்தச் சொல்லை யார் நம்புவார்? பாராட்டு பெற்ற இளைஞன் வீட்டுக்குப் போய்த் தனிமையில் தன் கவிதையைப் பார்க்கிறான். தனக்கே அதில் ஏதோ குறை தெரிகிறது. யாரும் அதைச் சொல்லவில்லையே என்று நினைக்கிறான். அந்த இரவில் அவனுடைய தன்னம்பிக்கை குறைகிறதே தவிர வளரவில்லை. பொய்ப் பாராட்டைப் போல ஒரு படைப்பாளியைத் தனிமைப்படுத்துவது வேறொன்றில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, பொன்னாடையும் ஒலிபெருக்கியும் இல்லாத ஒரு கூட்டம் நடத்துங்கள். பத்துப் பேர் போதும். எழுதியவர் பெயரைச் சொல்லாமல் ஒரு கவிதையை எடுத்துக்கொள்ளுங்கள். இரசிகமணி செய்தது போல, அவசரமின்றி இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். எந்த வரி மனத்தில் நின்றது, எங்கே செவி தடுக்கியது என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும். எழுதியவர் வாய் திறவாமல் கேட்டுக்கொள்ளட்டும். அங்கே ஒரே ஒரு வரி நின்றது என்று பத்துப் பேரும் சொன்னால், அந்த ஒரு வரி அவருக்குத் தரும் வலிமையை நூறு பொன்னாடைகள் தரமாட்டா.

தனித்திருந்து தம்மைத் தேர்ந்துகொள்ள விரும்பும் இளைஞர்களுக்கு மூன்று கேள்விகள். அச்சில் வராது, பரிசு கிடைக்காது, யாரும் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்த பின்னும் இந்தச் செயலை நான் செய்வேனா? சென்ற ஓராண்டில் எனக்குக் கிடைத்த ஓய்வு நேரத்தை உண்மையில் எதற்குக் கொடுத்தேன்? என் எழுத்தில் நானே சிரிக்கக்கூடிய இடம் எது? முதல் கேள்வி பாதையைக் காட்டும். இரண்டாவது, அந்தப் பாதையில் நாம் நடக்கிறோமா, அல்லது நடப்பதாக எண்ணிக்கொண்டு நிற்கிறோமா என்பதைக் காட்டும். மூன்றாவது கேள்விக்கு விடை சொல்ல முடிந்தவர் தன்னைப் பார்க்கக் கற்றுக்கொண்டவர்.

இவ்வூரில் கோயில்கொண்டிருக்கும் சிந்தாமணிநாதர், அம்மையும் அப்பனும் ஓருருவான அர்த்தநாரீசுவரத் திருமேனி உடையவர். பாதி பாதியாகப் பிரித்து வழிபட இயலாத வடிவம் அது. தன்னைத் தேர்தலும் தன்னை நம்புதலும் அப்படிப்பட்டவையே. தேர்தல் மட்டும் உடையவன் தன்னையே கொத்திக்கொண்டிருப்பான். நம்புதல் மட்டும் உடையவன் பிறர் பேச்சுக்குச் செவியை மூடிக்கொள்வான். இரண்டும் ஓருருவாகப் பொருந்திய மனிதனே தன் பாதையில் நிலையாக நடப்பான்.

வாசுதேவநல்லூரின் அடுத்த பத்தாண்டில் நல்ல கவிஞர்கள் பலர் இந்த வட்டத்திலிருந்து எழுவார்கள் என நம்புகிறேன். அவர்களுடைய கவிதையின் குறையை முகத்துக்கு நேரே சொல்லும் அன்பும், நிறையை ஊரறியச் சொல்லும் பெருந்தன்மையும் இந்த வட்டத்துக்கு என்றும் இருக்கட்டும் என்று வாழ்த்துகிறேன்.